மியூனிக் சென்ற அணித்தலைவர்

காற்பந்தில் கோல் அடித்தவரின் பெயர் மறுநாள் நாளிதழில் இடம்பெறும். கோல் விழாமல் காத்தவரின் உழைப்போ பெரும்பாலும் ஒரு சுழியமாகத்தான் பதிவாகும். மலேசிய அணியின் தற்காப்பு ஆட்டக்காரரான எம். சந்திரன் அத்தகைய சுழியங்களுக்காக உழைத்தவர்.

1942இல் பிறந்த அவர் சிலாங்கூர் மாநிலத்துக்காக விளையாடிப் புகழ்பெற்றார். பின்னர்த் தேசிய அணிக்கும் தலைவரானார். பின்வரிசையில் நிற்பவரின் கண்முன் ஆடுகளம் முழுவதும் விரிந்திருக்கும். யார் இடம் மாறுகிறார், எங்கே இடைவெளி விழுகிறது என்பதை அவரே முதலில் காண்பார். எனவே, அணித்தலைவர் அங்கிருந்து வழிநடத்துவது பொருத்தமே.

1971ஆம் ஆண்டு, ஒலிம்பிக் தகுதிச் சுற்று ஆட்டங்கள் தென்கொரியாவின் சியோல் நகரில் நடைபெற்றன. ஐந்து அணிகள் மோதின. தேர்வாகப் போவதோ ஒன்றுதான். 1968இல் ஒலிம்பிக் வெண்கலப் பதக்கம் வென்றிருந்த ஜப்பானை மலேசியா 3-0 எனத் தோற்கடித்தது. அடுத்து, கொட்டும் மழையில் தென்கொரியாவைச் சந்தித்தது. சைட் அகமது ஒரு கோல் அடித்தார். சொந்த மண்ணில் விளையாடிய கொரியர்கள் எவ்வளவு முயன்றும் அதைச் சமன்செய்ய இயலவில்லை. பிலிப்பைன்ஸ், தைவான் அணிகளும் தோற்றன. நான்கு ஆட்டங்களில் மலேசியா அடித்தவை 12 கோல்கள். விட்டுக்கொடுத்தது ஒன்றுகூட இல்லை!

மறு ஆண்டு, சந்திரனின் தலைமையில் அணி ஜெர்மனிக்குப் புறப்பட்டது. பினாங்கைச் சேர்ந்த நாமாட் அப்துல்லாவும் ஷஹாருடின் அப்துல்லாவும் அக்குழுவில் இருந்தனர். முதல் ஆட்டத்தில் எதிரணி, போட்டியை ஏற்று நடத்திய மேற்கு ஜெர்மனி. மியூனிக் ஒலிம்பிக் அரங்கில், முற்பாதி முடியும்வரை ஜெர்மானியர்களால் ஒரு கோலும் அடிக்க முடியவில்லை. பிற்பாதியில்தான் மூன்று கோல்கள் விழுந்தன. அடுத்த ஆட்டத்தில் மலேசியா அமெரிக்காவை 3-0 என வென்றது. ஆனால், மொரோக்கோவிடம் 0-6 எனத் தோற்று, முதல் சுற்றோடு வெளியேறியது. சியோலில் அசையாத தற்காப்பு அரண் அன்று சரிந்துபோனது.

மியூனிக்கில் சந்திரனோடு பின்வரிசையில் ஆடிய இளைஞர் சோ சின் ஆன் பின்னாளில் அணித்தலைவரானார். அவர் காலத்தில், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கும் மலேசியா தகுதி பெற்றது. எனினும், சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததை எதிர்த்துப் பல நாடுகள் அப்போட்டியைப் புறக்கணித்தன. மலேசியாவும் அணியை அனுப்பவில்லை. ஆகவே, ஒலிம்பிக் காற்பந்தில் மலேசியாவை வழிநடத்திக் களமிறங்கிய அணித்தலைவர் என்னும் பெருமை இன்றும் சந்திரனுக்கே உரியது.