புனைகதையின் கூறுகள் – ‘வெக்கை’ வழி ஓர் அறிமுகம்

நுழையும்முன்

ஊரில் கொலை ஒன்று நிகழ்ந்தால் நாளிதழ் அதனைச் சில வரிகளில் கூறி முடிக்கும். அந்நிகழ்வையே புதினமாக்கும் எழுத்தாளரோ எதை முதலில் சொல்வது, யாருடைய பார்வையில் சொல்வது என முடிவு செய்கிறார். அம்முடிவுகள் வாசகரின் நீதியுணர்வையே அசைக்க வல்லவை. பூமணியின் ‘வெக்கை’ (1982) புதினத்தின்வழி இதனைக் காண்போம்.

களம்

சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்கள் கரிசல் நிலத்தைச் சேர்ந்தவை. மழையில் குழைந்து காலில் ஒட்டும் இம்மண், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் வானத்தை நம்பியே விளையும். இங்கு எளிய குடும்பத்திற்குச் சொந்தமான துண்டு நிலம், பிறரிடம் கைகட்டி நிற்காமல் வாழ்வதற்கான பிடிமானமாகும். கோவில்பட்டி அருகே ஆண்டிபட்டியில் பிறந்த பூமணி இவ்வாழ்வை நன்கறிந்தவர். புதினத்தில் அத்தகைய நிலத்தை வடக்கூரான் கைப்பற்ற முனைவதே முரணின் வேர். ஆகவே, களம் இங்குக் கதையை உருவாக்கும் காரணமாகவே அமைகிறது.

கதைப்பின்னல்

காலவரிசைப்படி பார்த்தால் நிலத்தகராறு முதலாவது. அண்ணன் கொல்லப்படுவது அடுத்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம் வடக்கூரானை வெட்டுவது அதற்கும் பின்னது. பூமணியோ இறுதியாக நடந்த கொலையைத் தொடக்கத்தில் வைக்கிறார். முந்தையவை நினைவுகளாகவும் உரையாடல்களாகவும் பின்னர் விரிகின்றன. இது பின்னோக்கு உத்தி எனப்படும். ‘அடுத்து என்ன?’ என்னும் ஆவலுடன் ‘ஏன் இப்படி நேர்ந்தது?’ என்னும் வினாவும் வாசகரைத் தொடர்கிறது.

நோக்குநிலை

கதை படர்க்கையில் சொல்லப்படினும் சிதம்பரத்தை ஒட்டியே நகர்கிறது. அவன் அறிந்ததையே நாமும் அறிகிறோம். அவன் பசியும் அச்சமும் நம்மையும் தொற்றுகின்றன. செயலை நியாயப்படுத்தாமலே, செய்தவனைச் சிறுவனாகக் காண இந்நோக்குநிலை வழிசெய்கிறது.

பாத்திரப்படைப்பும் மொழியும்

தலைமறைவாகத் திரியும் தந்தையும் மகனும் காட்டில் உணவு தேடுகின்றனர், பழங்கதை பேசுகின்றனர். தந்தையின் பண்பை ஆசிரியர் விளக்கியுரைப்பதில்லை. மகனைக் காக்கும் செயல்களே அதனை உணர்த்துகின்றன. அய்யா, ஆத்தா, மாமன் என்னும் உறவுச்சொற்களும் கரிசல் வட்டார வழக்கும் அம்மனிதர்களை நம் அருகில் நிறுத்துகின்றன.

குறியீடு

வெக்கை என்பது நிலத்திலிருந்து எழும் வெப்பம். அதுவே நீதி கிடைக்காதவரின் மனப்புழுக்கத்தையும் குறித்து நிற்கிறது. இறுதியில் இருவரும் சரணடைய நீதிமன்றத்தை நாடுகின்றனர். முன்பே நீதி கிடைத்திருந்தால் சிறுவன் அரிவாளை எடுத்திருப்பானா? இவ்வினாவைப் புதினம் வாசகரிடமே விட்டுவிடுகிறது.

தெரிந்து கொள்வோம்

‘அஞ்ஞாடி’ புதினத்திற்காகப் பூமணி 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ‘வெக்கை’யைத் தழுவி 2019இல் ‘அசுரன்’ திரைப்படம் வெளிவந்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நிகழ்ந்த ஒரு நிகழ்வை முதலில் காலவரிசைப்படியும், பின்னர் முடிவிலிருந்து தொடங்கியும் எழுதுக. வாசிப்போர் மனநிலை எவ்வாறு மாறுகிறது?
2. வடக்கூரானின் குடும்பத்தார் ஒருவரது நோக்கில் இக்கதை சொல்லப்பட்டால் நம் பரிவு யார் பக்கம் சாயும்? வகுப்பில் கலந்துரையாடுக.