பாஸ்பரஸைப் பிடித்துப் போட்ட கூண்டு



வெண் பாஸ்பரஸைத் தண்ணீருக்குள் போட்டுத்தான் வைப்பார்கள் என்று படித்திருக்கிறோம். காற்றுப் பட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். விஷமும் கூட. அதே பாஸ்பரஸைக் காற்றுப் பட்டாலும் எரியாமல் செய்துவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? 2009-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜோனத்தன் நிட்ச்கே குழுவினர் இதைச் செய்தார்கள். அடைத்து வைத்தது ஒரு மூலக்கூறுக் கூண்டுக்குள்ளே!

கூண்டு எப்படி இருக்கும்? நாலு களிமண் உருண்டை, ஒரே அளவில் ஆறு ஈர்க்குச்சி எடுத்துக்கோங்க. மூன்று குச்சியை முக்கோணமாக வைத்து, மூலைக்கு ஒரு உருண்டை ஒட்டுங்கள். மிச்ச மூன்றையும் மூலைக்கு ஒன்றாகச் சாய்த்து நிறுத்தி, உச்சியில் நாலாவது உருண்டை. இதுதான் நான்முகி. உருண்டை என்பது இரும்பு அயனி, குச்சி என்பது கரிமச் சேர்மம்.

ஆனால் நிஜக் கூண்டை யாரும் உட்கார்ந்து கட்டவில்லை. தேவையான பொருள்களைத் தண்ணீரில் கலந்தால் அதுவே கட்டிக்கொள்கிறது. எல்லாம் கணக்குதான்! ஒரு இரும்பு அயனி ஆறு நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். குச்சியின் ஒரு முனையில் இரண்டு நைட்ரஜன் இருக்கிறது. அப்போ ஒரு இரும்புக்கு மூன்று முனை. நாலு இரும்புக்கு 12 முனை. ஆறு குச்சிக்கும் சரியாக 12 முனைதானே! ஒன்றுகூட மிச்சமில்லை, கூண்டு மூடிக்கொள்ளும்.

இதற்கு முன்பே, 1993-ல் அமெரிக்காவில் ஜூலியஸ் ரெபெக் குழுவினர் ஒரே மாதிரி இரண்டு மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும் 'டென்னிஸ் பந்து' செய்திருக்கிறார்கள். அதற்குள் மீத்தேன் போய் உட்காரும்.

பாஸ்பரஸுக்கு வருவோம். அதன் மூலக்கூறும் நாலு அணு கொண்ட நான்முகிதான். தண்ணீரோடு சேராது. கூண்டின் உள்பக்கமும் தண்ணீருக்கு ஒத்துவராத இடம். அதனால் உள்ளே போய்விடுகிறது.

ஆக்சிஜன் நுழைய முடியாததால்தான் எரியவில்லை என்று தோன்றும். காரணம் அது இல்லை. ஆக்சிஜன் சேர்ந்தால் பாஸ்பரஸ் மூலக்கூறு பெரிசாகிவிடும். பெரிசாக உள்ளே இடமில்லை. கூட்டமான டவுன் பஸ்ஸில் குடையை விரிக்க முடியுமா? அந்த மாதிரிதான்.

வெளியே எடுக்கக் கூண்டை உடைக்க வேண்டாம். பென்சீன் சேர்த்தால் போதும். பென்சீன் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், பாஸ்பரஸ் வெளியே வந்துவிடும். வந்த பிறகு அது பழைய பாஸ்பரஸ்தான், காற்றோடு உடனே வினைபுரியும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி