குடிநீரும் காரீயமும்

'ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை' என்று நம் ஊர்களில் ஒரு பழமொழி வழங்குகின்றது. அந்த ஈயம் எந்த ஈயம் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். கும்பகோணத்து ஈயச் சொம்பும் வெள்ளீயமே. விடுதிச் சாப்பாட்டின் நடுவே அந்தச் சொம்பு ரசத்தை நினைத்து ஏங்காத தமிழ் மாணவர் இப்பெங்களூரில் இலர். காரீயம் வேறு உலோகம், நஞ்சு. பேச்சில் இரண்டுக்கும் ஈயம் என்றே பெயராகிவிட்டதால், காரீயத்தைக் கண்டு அஞ்சவேண்டிய அளவு நாம் அஞ்சுவதில்லை.

இதை எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகின்றேன். நான் ஸ்ரீராமபுரத்தில் என் அக்காள் வீட்டில் தங்கிப் படிக்கின்றேன். சென்ற மாதம் வீட்டுக்காரர் மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்குப் புதிதாகப் பிளாஸ்டிக் குழாய் போட்டுக் கொடுத்தார். அக்காளுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. விடியற்காலையில் எழுந்ததும் குழாயைத் திறந்து, முதலில் வரும் நீரைப் பிடித்துக் கொதிக்க வைத்து, அதிலேதான் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவாள். குழாயைப் பற்றி நான் ஏதோ சொல்லத் தொடங்கியபோது, "நல்லாக் காய்ச்சிடறேனேடா தம்பி, அப்புறம் என்ன பயம்?" என்றாள்.

காய்ச்சினால் கிருமி சாகும். காரீயம் உயிருள்ள பொருள் அன்று, சாவதற்கு. நீராவியோடு அது போய்விடுவதும் இல்லை. இரண்டு லிட்டர் நீர் சுண்டி ஒரு லிட்டரானால், முன்பு இரண்டு லிட்டரில் இருந்த காரீயம் முழுவதும் இப்போது ஒரு லிட்டரில் இருக்கும். அக்காள் அக்கறையோடு அதிக நேரம் காய்ச்சக் காய்ச்ச, செறிவு கூடுகின்றது. இதை அவளிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் தயக்கமாக இருந்தது.

பிளாஸ்டிக் குழாயில் காரீயம் ஏது என்று கேட்பீர்கள். காரீயக் குழாய் என்றதும் உரோமாபுரி நினைவுக்கு வரும். இலத்தீனில் காரீயத்துக்குப் 'பிளம்பம்' என்று பெயர். நம் பிளம்பருக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். காரீய வேலை செய்வோர் வெளிறிப்போவதைக் கண்டு, மண் குழாயே மேல் என்று விட்ரூவியஸ் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். நம் நாட்டுக் கதை வேறு. பி.வி.சி.யைச் சூடாக்கிக் குழாயாக வார்க்கும்போது அது சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிப்படும். அச்சிதைவைத் தடுக்கக் காரீய உப்புகளைச் சேர்ப்பது மலிவான வழி. குழாயின் உட்பரப்பிலுள்ள உப்பு, புதிதாயிருக்கையில் அதிகமாகவும் பின்னர்க் குறைவாகவும் நீரில் கரையும். இரவு முழுதும் குழாயில் தேங்கிக் கிடந்த நீரில் அது சேர்ந்திருக்கும். அதாவது அக்காள் பிடிக்கும் அந்த முதல் நீரில்!

இவ்வுப்பை விலக்கும் விதிகளை மத்திய அரசு 2021-இல் வெளியிட்டது. ஆனால் அதற்கு முன் சுவரில் புதைத்த குழாயை விதி வந்து பிடுங்கிவிடாது. பித்தளைக் குழாய்த் திருகிலும் சிறிது காரீயம் இருப்பதுண்டு.

பெங்களூருக்கு இந்நஞ்சோடு பழைய வழக்கு ஒன்று உண்டு. 1990-களின் இறுதியில் இங்குள்ள ஜார்ஜ் பவுண்டேஷன், பல இந்திய நகரங்களில் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தது. சோதித்தோரில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் காரீயம் அன்றைய எல்லையான டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. 1999-இல் இந்நகரிலேயே அதற்கொரு பன்னாட்டு மாநாடும் கூடியது. அன்று முதற்குற்றவாளி பெட்ரோல். 2000-இல் காரீயப் பெட்ரோல் நின்றது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் இட்டுள்ள எல்லை, லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். உட்கொண்ட காரீயத்தில் பெரியவர் ஈர்ப்பதைப்போல் நான்கைந்து மடங்கு பங்கைச் சிறு குழந்தையின் உடல் ஈர்த்துக்கொள்ளும். அது மூளையின் வளர்ச்சியைத் தாக்கும். இவ்வளவு வரை கேடில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் குழந்தைக்கு அறியப்படவில்லை.

செய்யத்தக்கது என்ன? காலையில் சில நிமிடம் நீரை ஓடவிட்டுப் பிறகு குடிக்கப் பிடிக்கலாம். 2024 கோடையில் லாரிக்காகக் குடத்தோடு நின்ற ஊரில் நீரை வீணாக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஓடுவதை வாளியில் பிடித்துத் துணிக்கும் தரைக்கும் ஆக்கலாம். கெய்சரின் சுடுநீரைச் சமையலுக்கு எடுக்கலாகாது. வெந்நீர் காரீயத்தை விரைவாகக் கரைக்கும். மெழுகுவத்தி போன்ற சாதாரண வடிகட்டி இதற்குப் பயனில்லை, ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியை நீக்கும். வீடு மாறும் நண்பர்கள் புதுக் குழாய் போடுகையில், 'காரீயமற்றது' என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டு நீரில் உண்மையில் எவ்வளவு இருக்கின்றது? நேற்றுக் காலை முதல் நீரை ஒரு புட்டியிலும், ஐந்து நிமிடம் ஓடியபின் வந்ததை மற்றொன்றிலும் பிடித்து, புட்டிச் சுவரில் காரீயம் ஒட்டாதிருக்க நைட்ரிக் அமிலம் சில துளி விட்டு, துறை ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்கின்றேன். கருவிக்கு எனக்கு முன் நால்வர் காத்திருக்கின்றனர். இதற்கிடையில் அக்காள் முதல் வாளி நீரைத் தெளித்து வாசலில் கோலம் போடுகின்றாள்; இரண்டாம் வாளியில்தான் கஞ்சிக்கு மொள்ளுகின்றாள்.