மலைவழியில் ஓர் இரவு

மலைச்செலவு மலையடிவாரத்திலே தொடங்குவதன்று. வீட்டிலே, விரித்து வைத்த இடவிளக்கப்படத்தின் முன்னே தொடங்குவது. நம் கல்லூரிப் பழைய மாணவர் பலர் இன்று அவுஸ்திரேலியாவிலே வாழ்கின்றனர். விடுமுறையில் அந்நாட்டு உயர்மலைகளிற் கூடாரமடித்து ஓரிரவு தங்கிவர விழைவோர் அவருள் உளர். அவர்பொருட்டும், புவியியல் பயிலும் மாணவர்பொருட்டும், இச்செலவுக்கு வேண்டிய முன்னேற்பாடுகளை ஈண்டு ஆராய்வாம்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக் கொசியஸ்கோ தேசியப் பூங்காவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவுஸ்திரேலியப் பெருநிலத்தின் மிகவுயர்ந்த சிகரமாகிய கொசியஸ்கோ மலை (2228 மீற்றர்) அங்கேதான் உள்ளது. அதன் சரிவுகள் கண்டார்க்கு எளியனவாகவே தோன்றும். அத்தோற்றமே ஏமாற்றுவது. ஏறத்தாழ 1850 மீற்றருக்கு மேல் மரங்கள் வளர்வதில்லை. ஆதலின் காற்றுக்கு ஒதுங்க மறைவில்லை. அங்கே கோடையாகிய டிசெம்பர், ஜனவரி மாதங்களிலும் பனி பெய்தல் கூடும்.

1928 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், லோரி சீமன், எவன் ஹேய்ஸ் என்னும் இருவர் பனிச்சறுக்குப் பயணத்திற் புயலில் அகப்பட்டு இம்மலையிலே உயிர் துறந்தனர். சீமனின் நினைவாக 1929 இற் கட்டப்பட்ட கற்குடில் சிகரத்துக்குச் செல்லும் வழியில் இன்றும் நிற்கின்றது. அது ஆபத்துக்காலப் புகலிடம். அதனை நம்பிக் கூடாரமின்றிச் செல்லுதல் தகாது.

முதலில் நேரத்தைக் கணித்தல் வேண்டும். ஸ்கொத்லாந்து மலையேறியாகிய நெய்ஸ்மித் 1892 இல் வகுத்த விதியின்படி, 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி. 600 மீற்றர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. ஆகவே 15 கிலோமீற்றர் நடந்து 600 மீற்றர் ஏறுதற்கு 4 மணி செல்லும். இது ஓய்வின்றி நடப்பார் கணக்கு. சுமையும் இளைப்பாறுதலுஞ் சேர 6 மணி எனக் கொள்ளுதல் நன்று. பொழுது சாய்வதற்கு இரண்டு மணிக்கு முன்னரே தங்குமிடம் சேரும்படி புறப்படுக. அங்கே நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கிலே நிற்பான். நம் நாட்டுப் பழக்கத்தால் திசை மயங்கலாகாது.

அடுத்தது தங்குமிடம். பண்டைப் பனிக்கட்டியாறுகள் குடைந்த ஐந்து ஏரிகள் அங்குள்ளன. அவற்றின் நீரேந்து பிரதேசங்களிற் கூடாரமடித்தல் தடுக்கப்பட்டுள்ளது. மரவரம்புக்கு மேல் விறகுத் தீ மூட்டலும் ஆகாது. சிற்றடுப்பும் எரிபொருளுங் கொண்டு செல்லல் வேண்டும்.

உடையைப் பற்றியும் ஒன்று கூறுவாம். நனைந்த பருத்தியாடை உடற்சூட்டைக் காவாது. கம்பளியாடை நனைந்தபோதும் ஓரளவு காக்கும். ஈரமும் காற்றும் கூடினால், நீர் உறையாத குளிரிலும் உடல்வெப்பங் குறைந்து அறிவு தடுமாறும். தடுமாறிய அறிவு தன் தடுமாற்றத்தை உணராது. ஆதலின் நடுக்கம் தோன்றிய அப்பொழுதே நின்று, உலர்ந்த உடை மாற்றி, சூடான பானம் அருந்துக.

இதனாலேயே, எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வகை வானிலையில் திரும்புவது என்பதை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். மலையுச்சி கண்ணிற்குத் தெரியும்போது ஆசை தீர்ப்பளிக்கும், அறிவு வாய்திறவாது. "திரும்புதல் தோல்வியன்றோ?" என மாணவர் நம்மை வினவுவர். தானே வகுத்த எல்லையைத் தானே மதித்தல் தோல்வியாகாது என்பதே நம் விடை.

இறுதியாக, செல்லும் வழி, உடன் செல்வோர், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதி, பொறுப்புள்ள ஒருவரிடம் கொடுத்துச் செல்க. கைத்தொலைபேசி மலையிடுக்கிற் பயன்படாதொழியலாம்; செய்மதி வழியே ஆபத்தை அறிவிக்குங் கருவியைப் பூங்கா அலுவலகத்தில் இரவலாகப் பெறலாம். திரும்பியவுடன் அவருக்கு அறிவித்தலையும் மறத்தலாகாது. நம் வரவுக்காக ஒருவர் விழித்திருக்கின்றார் என்னும் நினைவு, மலையில் நம்மை நிதானமாக நடப்பிக்கும்.