ரப்பர் பட்டை மூடும், தென்னம்படி மூடாது

அன்புள்ள அருமனை வாசகருக்கு,

பால் வெட்டிய ரப்பர் பட்டை சில வருஷத்தில் திரும்ப வளர்ந்துவிடுகிறது; தென்னையில் ஏறுவதற்கு அப்பா காலத்தில் வெட்டிய படிகள் மட்டும் இன்னும் அப்படியே நிற்கின்றனவே என்று கேட்டிருந்தீர்கள்.

ரப்பரின் பட்டைக்கும் தடிக்கும் நடுவே கேம்பியம் என்றொரு திசு மரத்தைச் சுற்றி இருக்கிறது. கண்ணுக்குப் பிடிபடாத கனம். அதன் செல்கள் பிரிந்து உள்ளே தள்ளுவது தடியாகிறது, வெளியே தள்ளுவது பட்டையாகிறது. மரம் பருப்பதெல்லாம் இதன் வேலைதான். ஒட்டுக்கு மேலே 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. வந்தால்தானே கத்தி வைக்கிறோம்? அதற்கு ஏழு வருஷம் போல ஆகிறது.

பால் ஓடும் குழல்களையும் கேம்பியமே உண்டாக்கி, வரிசை வரிசையாக வெளியே தள்ளுகிறது. ஆகவே புதுக் குழல்கள் அதை ஒட்டியே கிடக்கும். வெட்டுகிறவருக்குச் சோதனை இங்கேதான். ஆழம் போகப் போகப் பால் கூடும். ஆனால் கடைசி ஒரு மில்லிமீட்டரை விட்டுவைக்க வேண்டும். கேம்பியத்தில் கத்தி பட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாகப் புடைக்கும், மறுவெட்டுக்கு உதவாது. குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் நெற்றி விளக்கோடு வெட்டுகிறவர்கள் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கையாலேயே அறிகிறார்கள். அந்தக் கைக்குக் கொடுக்கிற கூலி போதாது என்பது என் கட்சி. போகட்டும்.

தென்னைக்கும் பனைக்கும் கேம்பியமே கிடையாது. இரண்டும் ஒருவித்திலைத் தாவரங்கள். கொண்டைக்கு அடியில் இருக்கும் வளர்திசு, முதலில் அடிமரத்தை வேண்டிய பருமனுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மேலே கிளம்பும். அப்புறம் ரப்பரைப் போல வருஷா வருஷம் பருப்பதில்லை. தோப்பில் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இடையில் ஒடுங்கிப்போன மரம் ஒன்றிரண்டு இருக்கும். வறட்சியிலோ உரமில்லாமலோ வளர்ந்த காலத்து உடம்பு அது. பிற்பாடு எவ்வளவு உரம் போட்டாலும் மேலே வருவதுதான் தேறும், அந்த ஒடுக்கம் நிமிராது.

வெட்டிய படியின் கதையும் இதுவே. மூடுவதற்குப் புதுச் செல் போட அங்கே ஆளில்லை. மழைத்தண்ணீர் தங்கும், காயம் ஆறாத இடத்தைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டும் முட்டையிட வரும். இனி வைக்கிற தென்னையில் படி வெட்டாதீர்கள். தளைநாரோ ஏறும் கருவியோ போதும். பழைய மரத்தில் புதிதாகக் காயம்பட்டால் அன்றைக்கே தார் பூசிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்