அயோடினை மறந்த செல்கள்

அரை ஆயுட்காலக் கணக்கைக் கரும்பலகையில் போட்டு முடித்ததும், "இதனால் யாருக்கு என்ன பயன், சார்?" என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்குரிய விடைகளுள் ஒன்று உங்கள் கழுத்திலேயே இருக்கிறது.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலை அணைத்தாற்போல், வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. இதன் எடை ஏறத்தாழ 20 கிராம். இது தன் ஹார்மோனைத் தயாரிக்க அயோடின் வேண்டும். நாளொன்றுக்கு நமக்குத் தேவையானது 150 மைக்ரோகிராம்தான்! இரத்தத்தில் அவ்வளவு அரிதாக ஓடும் பொருளைத் தைராய்டு செல்கள் எப்படிப் பிடிக்கின்றன? அவற்றின் சவ்வில் அதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. செல்லுக்கு வெளியே சோடியம் மிகுதி; உள்ளே குறைவு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதுபோல் சோடியம் உள்ளே பாய்கிறது. இரண்டு சோடியம் அயனிகளோடு ஓர் அயோடைடு அயனியும் தொற்றிக்கொண்டு நுழைந்துவிடும். இவ்வாறு இரத்தத்தில் உள்ளதைப்போல் 20 முதல் 40 மடங்கு செறிவு சுரப்பியினுள் சேர்கிறது.

இந்தப் புரதத்துக்குச் சாதாரண அயோடின்-127, கதிரியக்கமுள்ள அயோடின்-131 என்ற வேறுபாடு தெரியாது. ஐசோடோப்புகளின் வேதிப்பண்பு ஒன்றே என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள் அல்லவா? 1938-இல் பெர்க்லியில் லிவிங்குட், சீபோர்க் இருவரும் கண்டறிந்த அயோடின்-131 இரண்டு வேலைகளைச் செய்கிறது. அது உமிழும் பீட்டா துகள்கள் திசுவினுள் ஓரிரு மில்லிமீட்டருக்குள் நின்றுபோய், தங்கிய இடத்துச் செல்களையே அழிக்கின்றன. 364 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிர் உடலைத் தாண்டி வெளியே வந்து, கருவியில் படமாகப் பதிகிறது. அரை ஆயுட்காலம் 8 நாள். 80 நாளில் எவ்வளவு எஞ்சும்? பத்து முறை பாதியாக்கிப் பாருங்கள்: 1024-இல் ஒரு பங்கு. உடலிலிருந்து சிறுநீர் வழியாக வெளியேறுவதையும் சேர்த்தால் இன்னும் குறைவு.

தைராய்டுப் புற்றுநோயில் பெரும்பான்மையானது பாப்பில்லரி வகை. அடுத்தது ஃபாலிக்குலர் வகை. இவற்றின் செல்கள் கெட்டுப்போனாலும் பிறந்த வீட்டுப் பழக்கத்தை முற்றிலும் விடுவதில்லை; அயோடினை ஓரளவு ஏற்கின்றன. ஆகவே சுரப்பியை அறுத்தெடுத்தபின், நுரையீரலிலோ எலும்பிலோ பதுங்கியிருப்பவற்றையும் அயோடின்-131 தேடிப்பிடித்துவிடும்.

கழுத்தில் கட்டி கண்டால் முதலில் செய்வது மீயொலி ஸ்கேன். ஐயமிருந்தால் மெல்லிய ஊசியால் சில செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். (கட்டிகளுள் மிகப்பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல, யாரும் கழுத்தைத் தடவிப் பார்த்து அஞ்ச வேண்டாம்.) பாப்பில்லரி வகையில் செல்லின் உட்கரு வெளிறி, உள்ளே வெறுமையாகத் தோன்றும். ஃபாலிக்குலர் வகையோ ஊசிக்குப் பிடிபடாது. கட்டி தன் உறையை உடைத்து வெளியேறியதா என்பதே அங்கே கேள்வி. உதிரிச் செல்களைப் பார்த்து மதில் இடிந்ததா என்று எவ்வாறு சொல்வது? கட்டியை எடுத்து, உறையோடு சேர்த்துச் சீவிப் பார்த்தால்தான் தெரியும்.

கொடிய வகைகளில் கதை மாறுகிறது. சில செல்களில் பி-ராஃப் என்னும் மரபணுவில் ஓரிடம் பிறழ்ந்து, 'பிரி, பிரி' என்ற கட்டளை அணையாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். அதே கட்டளை அயோடினை இழுக்கும் புரதத்தின் உற்பத்தியையும் அடக்கிவிடுகிறது. மேலும் பிறழ்வுகள் சேரச் சேர, செல் தான் தைராய்டு என்பதையே மறக்கிறது. இதன் கடைசி எல்லை அனாபிளாஸ்டிக் வகை. நுண்ணோக்கியில் பூதாகரமான செல்களும் கதிர்கோல் வடிவச் செல்களும் தாறுமாறாகக் கிடக்கும். தைராய்டுப் புற்றுநோய்களில் இது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவே. பெரும்பாலும் முதியோருக்கு வருவது. ஆனால் கட்டி சில வாரங்களிலேயே பெருத்து, குரலைக் கம்மச்செய்து, மூச்சுக்குழலை நெருக்கும். இங்கு அயோடின்-131 உதவாது.

இடைநிலையில் உள்ளவை மருத்துவரை ஏமாற்றக்கூடியவை. சுரப்பியை நீக்கிய நோயாளியின் இரத்தத்தில், தைராய்டு செல்களே தயாரிக்கும் தைரோகுளோபுலின் நாளுக்கு நாள் ஏறுகிறது. அயோடின் படத்திலோ ஒன்றுமில்லை! நோய் இல்லையென்று பொருளா? இல்லை, விளக்கை வாங்க மறுக்கும் செல்கள் இருட்டில் நிற்கின்றன.

அப்போது வேறு தூண்டில் போடுகிறார்கள். வேகமாக வளரும் செல்லுக்குச் சர்க்கரைப் பசி மிகுதி. ஃபுளூரின்-18 இணைத்த குளுக்கோஸைச் செலுத்தினால் அதை அள்ளி உண்கிறது. ஃபுளூரின்-18 உமிழும் பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்து இரண்டும் மறைய, தலா 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கொண்ட இரு ஃபோட்டான்கள் எதிரெதிர்த் திசைகளில் பறக்கின்றன. இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால், அவை புறப்பட்ட இடம் அந்த நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். ஒரே நோயாளியின் இரு படங்களையும் அருகருகே வைத்தால், அயோடின் படத்தில் இருண்ட இடம் இதில் ஒளிர்வதைக் காணலாம். அந்த ஒளி நல்ல செய்தியன்று.

மறந்ததை நினைவூட்ட முடியுமா? 2013-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்தார் ஒரு முயற்சியின் முடிவை வெளியிட்டனர். அந்த 'பிரி' கட்டளைச் சங்கிலியின் ஒரு கண்ணியைத் தடுக்கும் செலுமெடினிப் மருந்தை, அயோடினுக்கு மசியாத புற்றுநோய் கொண்ட 20 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேரின் கட்டிகள் அயோடினை முன்னைவிட மிகுதியாக ஏற்றன. அவர்களுள் 8 பேருக்கு, அயோடின்-131 சிகிச்சை தரும் அளவுக்கு.