பத்து ரூபாய்க் காசு செல்லும்

"இது செல்லாதுங்க, தாளா இருந்தா குடுங்க." சென்னையை விட்டு வெளியே போனால் பெட்டிக்கடையிலும் டீக்கடையிலும் மினி பஸ்ஸிலும் பல வருடங்கள் கேட்ட பேச்சு இது. சில ஊர்களில் இன்னும் ஓயவில்லை. சென்னையில் நடத்துநர் மறுபேச்சில்லாமல் தோல்பைக்குள் போட்டுக்கொள்ளும் அதே பத்து ரூபாய்க் காசை, இன்னோர் ஊரில் பத்து பைசாவுக்கும் மதிக்க மாட்டேன் என்கிறார்கள்.

இந்த வதந்தியின் நஷ்டம் கடைசியில் யார் மடியில் போய் விழுகிறது என்று பாருங்கள். நாம் ஊர் ஊராக வாங்கிய காசைக் கீரை விற்கும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறோம். "வேண்டாம்" என்று சொல்லி வந்த வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வராது. மறுநாள் விடியற்காலை மொத்தக் கடையில் அவர் அதை நீட்டும்போது, "செல்லாது" என்று அங்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். அவருடைய ஒரு நாள் லாபத்தில் பாதி இப்படிச் சுருக்குப் பையிலேயே முடங்கிவிடும். அதனால்தான் சில்லறையைப் பற்றிய கட்டுக்கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

"பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு"

பத்து ரூபாய்க் காசு 2009-இல் புழக்கத்துக்கு வந்தது. அப்போது ரூபாய்க்கு இப்போதுள்ள குறியீடே கிடையாது. நம் கள்ளக்குறிச்சிக்காரரான உதயகுமார் வரைந்த ₹ குறியீட்டை 2010-இல்தான் அரசு ஏற்றுக்கொண்டது. 2011 முதல் அது காசில் ஏறியது. குறியீடு இல்லாத காசு போலி என்கிறார்களே, அதற்கு முன் அடித்த காசில் அது எப்படி இருக்கும்? காசில் கதிர் போல விரியும் கோடுகளின் எண்ணிக்கையும் அப்படித்தான், வடிவம் மாறியபோது அதுவும் மாறியது. தலைவர்களின் நினைவாகவும் நிறுவனங்களின் ஆண்டு விழாக்களுக்காகவும் தனித்தனி வடிவங்கள் வந்துகொண்டே இருந்தன. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அதிகாரபூர்வமாகவே அறிவித்தது: அதுவரை வந்த பத்து ரூபாய்க் காசில் 14 வடிவங்கள், பதினான்கும் செல்லும். புது வடிவம் வந்தால் பழையது செல்லாமல் போகாது. சந்தேகம் இருப்பவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள 14440 என்ற கட்டணமில்லா எண்ணையும் கொடுத்தார்கள்.

இதன் தம்பி போல இன்னொரு கதை உண்டு: வருடத்துக்குக் கீழே குறி இல்லாத காசு போலி என்பது. அந்தக் குறி, காசு எந்த அக்கசாலையில் அடிக்கப்பட்டது என்று சொல்லும் அடையாளம். மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தா அக்கசாலை குறி எதுவும் போடுவதில்லை. குறி இல்லாத காசு கொல்கத்தாவிலிருந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"ஐம்பது காசை அரசு எடுத்துவிட்டது"

எடுக்கவில்லை. 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் 2011 ஜூன் 30-உடன் விடைபெற்றன. ஐம்பது காசு இன்றைக்கும் சட்டப்படி பணம். அதை வைத்து வாங்கும்படி எதுவும் இல்லாததால் கண்ணில் படுவதில்லை.

"வாங்க மறுத்தால் தேசத் துரோக வழக்குப் பாயும்"

வாட்ஸ்அப்பில் சுற்றிய இந்த மிரட்டலும் சரியல்ல. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் தண்டனை விதிப்பது காசை உருக்குபவர்களுக்கும் அழிப்பவர்களுக்கும், தேவைக்கு மேல் குவித்துவைத்து முகமதிப்புக்கு அதிகமாக விற்பவர்கள் போன்றோருக்கும்தான். ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. வாங்க மறுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதே சட்டம் எந்தக் காசு எவ்வளவு தொகை வரை செல்லும் என்பதையும் சொல்கிறது: ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதும் ஆயிரம் ரூபாய் வரை, ஐம்பது காசு பத்து ரூபாய் வரை. ஆக, நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கிப் பத்து ரூபாய்க் காசுகளாகக் கொடுப்பவரிடம் "செல்லாது" என்று சொல்லக் கடைக்காரருக்கு எந்த ஆதாரமும் இல்லை. சில்லறைக்குப் பதில் கையில் திணிக்கும் மிட்டாய் பணம் ஆகாது. வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

2022-இல் தருமபுரிப் பக்கத்து இளைஞர் ஒருவர் பத்து ரூபாய்க் காசாகவே ஆறு லட்சம் சேர்த்து, சேலத்தில் கார் வாங்கினார். காசை எல்லோரும் வாங்க மறுக்கிறார்களே என்ற ஆதங்கத்தில் செய்தது அது. அறுபதாயிரம் காசு! எடை போட்டால் 460 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். ஆயிரம் ரூபாய் வரம்பைச் சொல்லி விற்பனையாளர் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. செல்லாது என்று பல ஊர்கள் ஒதுக்கிய காசுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஆயிரம் ரூபாய் வரம்பெல்லாம் கடைக்குத்தான். வங்கியில் காசை எவ்வளவு வேண்டுமானாலும் கணக்கில் கட்டலாம். எந்தக் கிளையும் காசை வாங்க மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்ப உத்தரவிட்டிருக்கிறது. ஒன்று, இரண்டு ரூபாய்க் காசுகளை எடை போட்டே வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறது. நூறு நூறாக எண்ணிப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோனால் காசாளருக்கும் உங்களுக்கும் பாதி வேலை மிச்சம். மாத முதல் வாரத்தில் போகாதீர்கள். அப்படியும் மறுத்தால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

"உண்டியல் கனக்கிறது, நிறையச் சேர்ந்திருக்கும்"

கனத்தை நம்பாதீர்கள். 2011-இல் வந்த ஒரு ரூபாய்க் காசு 3.79 கிராம், பத்து ரூபாய்க் காசு 7.71 கிராம். ஒரு கிலோ ஒரு ரூபாய்க் காசு என்றால் 263 ரூபாய்தான். அதே ஒரு கிலோ பத்து ரூபாய்க் காசாக இருந்தால் 1,290 ரூபாய். சட்டைப்பை, துவைக்கும் இயந்திரத்தின் அடி, சோபா இடுக்கு, சாமி அலமாரி என்று வீடு முழுக்கத் துழாவிச் சேர்ப்பவர்கள் முதலில் பத்தையும் இருபதையும் தனியாகப் பிரித்துவிடுவது நல்லது. இருபது ரூபாய்க் காசு பன்னிரண்டு பக்கம் கொண்டது, விரலால் தடவினாலே தெரியும். பார்வையற்றவர்களுக்கு உதவும்படி 2019-இல் அறிவித்த வரிசையில் வந்தது அது.

உண்டியல் கூடாது என்று சொல்ல மாட்டேன். குழந்தைக்குச் சேமிப்பைச் சொல்லித்தர மண் உண்டியலைவிடச் சிறந்த ஆசிரியர் கிடையாது. ஆனால் அதற்குள் பணம் வளராது, தேயும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், இன்று போட்டுவைத்த ஆயிரம் ரூபாய் அடுத்த வருடம் இன்றைய 952 ரூபாய்ச் சாமானைத்தான் வாங்கும். உண்டியலை மாதாமாதம் கவிழ்த்து எண்ணி அஞ்சலகத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே மாதம் 100 ரூபாயிலேயே ஆர்.டி. தொடங்க முடியும். இன்னொரு வழி, தெருமுனைக் கடையில் கொடுத்துத் தாளாக மாற்றிக்கொள்வது. சில்லறைக்காகக் கமிஷன் கொடுத்து அலையும் கடைக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்கள் தேடும் காசு நம் வீட்டு உண்டியல்களில்தான் தூங்குகிறது.

"ஆற்றில் காசு போட்டால் தண்ணீர் சுத்தமாகும்"

ரயில் காவிரிப் பாலம் ஏறியதும் ஜன்னல் வழியே காசை வீசிக் கும்பிடுகிறவர்களைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அந்த வணக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதற்குச் சொல்லும் "விஞ்ஞானக் காரணம்" மட்டும்தான் தவறு. செம்புக் குடத்தில் இரவு முழுக்கத் தேங்கிய நீரில் கிருமிகள் குறைவது உண்மை. ஓடுகிற ஆற்றில் செப்புக் காசு போட்டாலும் அது நடக்காது. இன்றைய ஒரு ரூபாயிலும் இரண்டு ரூபாயிலும் செம்பே இல்லை. இரும்பும் குரோமியமும் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு. கங்கை, யமுனைக் கரைகளில் சிறுவர்கள் கயிற்றில் காந்தம் கட்டிக் காசு பிடிப்பது அதனால்தான்.

"வைஷ்ணவதேவி காசு பத்து லட்சம், காண்டாமிருகக் காசு ஒரு லட்சம்"

இதில்தான் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். வைஷ்ணவதேவி உருவம் போட்ட ஐந்து, பத்து ரூபாய்க் காசுகளை அரசு 2012-இல் பொதுப் புழக்கத்துக்கே வெளியிட்டது. காண்டாமிருகம் போட்ட 25 காசும் ஒரு காலத்தில் நம் எல்லோர் கையிலும் புரண்டதுதான். ஏராளமாக இருக்கும் பொருளுக்கு லட்சம் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். சேகரிப்பாளர்கள் தேடுவது குறைவாக அடிக்கப்பட்டதையும், தேயாமல் இருப்பதையும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் இருந்த மதிப்பும் போய்விடும்.

மோசடி நடக்கும் விதம் எப்போதும் ஒன்றுதான். காசின் படத்தை அனுப்பச் சொல்வார்கள், விலை பேசி முடிப்பார்கள். பிறகு "ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம்", "ஜி.எஸ்.டி.", "கூரியர்" என்று ஆயிரம் ஆயிரமாகக் கேட்பார்கள். பழைய காசை வாங்கி விற்கும் வேலை தனக்கு இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. விற்கிறவரிடமே முன்பணம் கேட்கிற வாங்குபவர் திருடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளிப்போட்டால், அதற்குள் அந்தப் பணம் கணக்குக்குக் கணக்கு தாவியிருக்கும்; உடனே சொன்னால் நடுவழியில் முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.